இறந்தவர் பைகளைப் பிரித்தவன்

சாக்ஸ் கையில் வந்தால் மெர்வின் பாஸ்கோ முதலில் அதன் வாய்க்குள் கையை விடுவான். மணிக்கட்டு மறையும்வரை கை உள்ளே போகும். விரல்களைக் குவித்து, கால்விரல் தங்கும் கோடியைத் தொட்டு, அங்கே ஒரு மூச்சு நேரம் நிற்பான். ஒன்றும் இல்லை என்று விரல்நுனிக்கு நிச்சயமான பிறகுதான் சாக்ஸை உள்புறம் வெளியே வரும்படி உரித்து, ஒரு தடவை உதறி, ஜோடியோடு சேர்த்து மடிப்பான். தன் சொந்த சாக்ஸுக்கும் இதே சோதனைதான். காலையில் முகாம் கட்டிலில் உட்கார்ந்து அவன் இப்படித் துழாவும்போது பக்கத்துக் கட்டில்காரன் தினமும் கேட்பான்:

"என்ன பாஸ்கோ, கோழி முட்டை போட்டிருக்கா?"

மெர்வின் சிரித்து வைப்பான். பதில் சொன்னால் கேட்டவனுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

செத்துப்போன சிப்பாய்களின் சாக்ஸ் கோடியில் என்னென்னவோ இருக்கும். கல்யாண மோதிரம், பெய்ரூட்டில் வாங்கிய சின்ன முத்து, எட்டாக மடித்துத் தபாலில் போடாமலே விட்ட கடிதம். ஒருமுறை ஒரு பால்பல். யாருடைய குழந்தையின் பல் என்று அந்தப் பையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. போருக்குக் கப்பலேறுகிறவன் தன்னிடம் இருப்பதில் மிகச் சிறியதை சாக்ஸுக்குள்தான் ஒளிப்பான் என்பதை மெர்வின் இரண்டரை வருஷத்தில் கற்றிருந்தான்.

போர்ட் அடிலெய்டில் கப்பல்துறைக்குப் பின்னால் இருந்த கம்பளிக் கிடங்கைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. கூரையில் ரம்பப் பல்போல வரிசையாகக் கண்ணாடிகள், எல்லாம் தெற்குப் பார்த்தவை, அந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் சமமாக இறங்கும். கம்பளி வியாபாரிகள் ரோமத்தின் நிறத்தை ஏமாறாமல் பார்ப்பதற்காகக் கட்டியது. இப்போது அந்த வெளிச்சத்தில், அதே நீள மேஜைகளின்மேல், ஆட்டு ரோமத்துக்குப் பதிலாக ஆட்களின் பைகள் கொட்டப்பட்டன. மேஜைப் பலகையில் ஊறிப்போன கம்பளிக் கொழுப்பு இன்னும் போகவில்லை. பென்சில் வழுக்கும். கையை எத்தனை தடவை கழுவினாலும் ஆட்டு வாசனை கூடவே முகாமுக்கு வரும்.

வேலை இதுதான். போரில் செத்த தென் ஆஸ்திரேலியச் சிப்பாயின் பை வரும். பட்டாளம் கொடுத்த பூட்ஸையும் சட்டையையும் பட்டாளத்துக்கே திருப்பவேண்டும். ரத்தக்கறை பட்டது அடுப்புக்குப் போகும். மிச்சமிருப்பதைப் பட்டியல் போட்டு, பார்சலாகக் கட்டி, அவன் குடும்பத்துக்கு அனுப்பவேண்டும். கட்டுவதற்கு முன்னால், குடும்பத்தைக் குத்தக்கூடிய எதையும் எடுத்துவிடவேண்டும். மனைவிக்குத் தெரியாத பெண்ணின் புகைப்படம், கெய்ரோ சந்துக்கடையில் விற்கும் அம்மணப் படச் சீட்டுகள், சீட்டாட்டத்தைப் பாவம் என்று நினைக்கும் வீட்டுக்குப் போகும் சீட்டுக்கட்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கிடங்குக்குப் பொறுப்பான சார்ஜென்ட் ஆம்ப்ரோஸ் டல்க் ஒரே ஒரு வரி வைத்திருந்தார். போன போரில் பிரான்ஸில் இருந்தவர். பல்செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொக்கைவாயால் அதைச் சொல்வார்:

"அவங்க அம்மா கண்ணால பாருடா. அவ்வளவுதான் வேலை."

பட்டியலைத் தட்டச்சு செய்கிறவள் ஊனா க்ளைனிக். பெண்கள் படையின் சீருடை, இருபத்து மூன்று வயது, பரோசா பக்கத்து ஜெர்மன் குடும்பம். நான்கு தலைமுறையாக இந்த மண்ணிலேயே திராட்சை போட்டவர்கள். ஆனாலும் போர் ஆரம்பித்ததிலிருந்து கப்பல்துறையில் யாராவது, "ஹிட்லர் மாமா சௌக்கியமா?" என்று கேட்காத வாரம் இல்லை.

"சௌக்கியம்தான். ஊர்ல கொழுத்த சோம்பேறிங்க எத்தனை பேர்னு லிஸ்ட் கேட்டாரு. உன் பேரைத்தான் முதல்ல அடிச்சேன்," என்பாள்.

மெர்வினையும் அவள் விடமாட்டாள். ஆனால் ஒன்றை மட்டும் கேலி செய்ததில்லை. அவன் காதை.

அந்தக் காதின் கதை சுருக்கமானது. மெர்வினின் ஊர் மூன்டா. செம்புச் சுரங்கம் மூடி, சுரங்கத்துக்காகக் கார்ன்வாலிலிருந்து வந்த குடும்பங்கள் மட்டும் மூடாமல் மிஞ்சிய ஊர். 1940 ஜூனில், அங்கத்திய குளிர்காலத்தில், பதினெட்டு பேர் சேர்ந்து ஒரே ரயிலில் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார்கள். அடிலெய்ட் மலைமேல் அப்போதுதான் புதிதாக ஒரு பிரிகேட் திரட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பட்டாலியன், மூவாயிரம் பேருக்குக் கிட்ட. நான்கு மாதம் பயிற்சி. மெர்வின் துப்பாக்கியில் சுமார், நடையில் கெட்டி. ஒன்பது வயதில் இடது காது சீழ்பிடித்துச் செவிப்பறை கிழிந்ததைச் சேரும்போது சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு கப்பலேற மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலை அணிவகுப்பில் அவன் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டர் காதுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "இந்த ஓட்டையை வெச்சுக்கிட்டு எங்கப்பா கிளம்பின?" என்றார். அத்தோடு முடிந்தது.

பிரிகேட் கப்பலேறிய அன்று பைகளைத் தூக்கிப்போடும் குழுவில் அவனைப் போட்டிருந்தார்கள். மூன்டாக்காரர் பதினேழு பேரின் பைகளையும் அவன்தான் கப்பலில் ஏற்றினான்.

பிரிகேட் சிரியாவின் கல்மலைகளில், ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரெஞ்சு அரசின் படையோடு மோதியது. வீடு திரும்பி மூச்சு விடுவதற்குள் பாப்புவாவுக்குப் போனது. மலைத்தடத்தில் முழங்கால் சேற்றில் பின்வாங்கிப் பின்வாங்கிச் சண்டை போட்டு, பிறகு வடகரைக் கடற்கரையில், தென்னைக்கு நடுவே ஜப்பானியரின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்த புல்வெளியில் நடக்கவிடப்பட்டது. நான்கே மாதம். போனதில் கால்வாசி நின்றுகொண்டு திரும்பியது. மூன்டாக்காரர் பதினேழில் ஏழு பேர் இல்லை. அந்த ஏழில் ஐந்து பேரின் பைகளை மெர்வின் பிரித்திருந்தான். ஏற்றியவனே இறக்கவும் வேண்டும் என்று அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஊரில் அவன் அம்மா பெயரை இழுத்துச் சொன்னார்கள்: "தர்சா பையனுக்குக் காது கேக்காதாமே? ஆனா சாப்பாட்டு மணி மட்டும் ஸ்பஷ்டமா கேக்குதாம்." ஒருமுறை தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே கடிதம் இல்லை, ஒரு வெள்ளைக் கோழி இறகு. போருக்குப் பயந்தவனுக்கு அனுப்புவது. மெர்வின் அதை யாரிடமும் காட்டவில்லை. மறுபடி இரண்டு தடவை போர்முனைக்கு மாற்றல் கேட்டு எழுதினான். இரண்டு தடவையும் காதைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். குளிக்கும்போது அந்த இடது காதில் மட்டும் சோப்பை அழுத்தித் தேய்ப்பான், தண்டனை கொடுப்பதுபோல.

1943 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பை வந்தது.

டட்லி ஹேம்ஸ், சாதாரணச் சிப்பாய், அதே பிரிகேட். பிறகு சேர்ந்த துணைப்படையில் போனவன் போலிருக்கிறது. மெர்வினுக்கு அந்தப் பெயர் தெரியாது. டிசம்பரில் கடற்கரையில் செத்திருக்கிறான். பாப்புவா போகுமுன் விட்டுச்சென்ற பெரிய பையும், பிணத்திலிருந்து எடுத்த சிறு பொட்டலமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன.

மெர்வின் எப்போதும் உறவினர் விலாசத்தைக் கடைசியில்தான் பார்ப்பான். முதலில் பார்த்துவிட்டால் கை தயங்கும். பையைக் கொட்டி, சாக்ஸ் எட்டு ஜோடிக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. எல்லாம் கையால் பின்னியவை, குதிகாலில் இரட்டை இழை.

"யாரோ இவனை நல்லா கவனிச்சிருக்காங்க," என்றான்.

"பொண்டாட்டியா?" ஊனா தாளை இயந்திரத்தில் சுருட்டினாள்.

"பொண்டாட்டி எட்டு ஜோடி பின்னமாட்டா. ரெண்டுலயே அலுத்துரும்."

"அனுபவமா பேசுறான் பாரு, பிரம்மச்சாரி."

அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தான். சாம்பல் நிற நூலால் கட்டிய கடிதக் கட்டு. மேலே இருந்த உறையைப் பார்த்தான்.

அவன் செய்த முதல் காரியம் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்ததுதான். அம்மாவின் கடிதம், போன வாரம் வந்தது, அங்கே வைத்திருந்தான். அது நழுவி மேஜையில் விழுந்து இந்தச் சாமான்களோடு கலந்துவிட்டது என்று நினைத்தான். அது பையிலேயே இருந்தது. வெளியே எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அதே ஊதா மை. வரி முடிவில் கீழே சரியும் அதே எழுத்து.

"என்ன பாஸ்கோ?"

அவன் படிவத்தைத் தேடி எடுத்தான். இறந்தால் தகவல் தரவேண்டியவர்: திருமதி தர்சா பாஸ்கோ, எலன் தெரு, மூன்டா. உறவுமுறை: வளர்ப்புத் தாய்.

ஊனா எழுந்துவந்து அவன் தோளுக்குமேலாகப் படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தாள்.

"பாஸ்கோ, உனக்கு ஒரு தம்பி இருந்தானா?"

"எனக்கே தெரியலையே."

மேஜையைப் பிடித்துக்கொண்டான். பலகை கொழுப்பில் வழுக்கியது.

டல்க் வந்தார். பார்த்தார். பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் பல் மாட்டினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சொந்தக்காரன் பையை சொந்தக்காரன் பிரிக்கக்கூடாது. தள்ளு. நான் பாத்துக்கறேன்."

"இவன் எனக்கு சொந்தமே இல்ல சார்ஜ்."

"அப்புறம் உங்கம்மா பேரு ஏன்டா இருக்கு?"

"அதைத்தான் பாக்கணும். தொடாதீங்க." மெர்வின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கூரைக் கண்ணாடி வரை போய்த் திரும்பியது. டல்க் ஒரு அடி பின்னால் போனார். பிறகு, "சாப்பாட்டு நேரம் முடியறவரைக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கிடங்கின் பின்பக்கம், சரக்கு ஏற்றும் மேடையில், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து படித்தான். மடியில் உருளையும் இறைச்சியும் வைத்த பேஸ்டி ஆறிக்கொண்டிருந்தது. மொத்தம் நாற்பத்தொரு கடிதம். வழக்கமாக முதல் வரியும் கடைசி வரியும் பார்ப்பதோடு சரி. இவற்றைத் தேதி வரிசையில் முழுதாகப் படித்தான்.

தொடக்கம் சாதாரணம். மூன்டா மெதடிஸ்ட் சபைப் பெண்கள் வியாழக்கிழமைகளில் சிப்பாய்களுக்கு சாக்ஸ் பின்னுவார்கள். ஒவ்வொரு ஜோடியின் கோடியிலும் ஒரு துண்டுச்சீட்டு வைப்பது வழக்கம். பின்னியவள் பெயர், ஒரு வேதவசனம். விலாசம் எழுதக்கூடாது என்பது போதகரின் கட்டளை. தர்சா எழுதியிருக்கிறாள். சிரியாவில் அந்த ஜோடி கிடைத்த டட்லி ஹேம்ஸ் பதில் போட்டிருக்கிறான். அநாதை விடுதியில் வளர்ந்தவன், பிறகு கோதுமைப் பண்ணைக் கூலி, இதுவரை யாரும் அவனுக்குக் கடிதம் எழுதியதில்லை.

படிக்கப் படிக்க மெர்வினுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, திகைப்பு. இந்தப் பெண் யார்? அவனுக்குத் தெரிந்த அம்மா அளந்து பேசுகிறவள். அப்பா சுரங்கத் தூசியில் நுரையீரல் போய்ச் செத்த நாளிலிருந்து உரக்கச் சிரித்து அவன் பார்த்ததில்லை. அவனுக்கு வரும் கடிதங்களில் வெயில், மழை, கோழிகள், 'கம்பளிச் சட்டை போட்டுக்கொள்'. இந்தக் கட்டில் இருந்தவளோ போதகரைக் 'குளத்துக்கு வழி மறந்த வாத்து' என்று எழுதினாள். சமையல்கட்டில் தனியாக நடனம் ஆடியதையும், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே பார்த்ததும் பூச்சியை மிதித்ததாகச் சமாளித்ததையும் எழுதினாள். அவன் அப்பாவைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒருதடவை உப்பளத்து மேட்டில் முத்தமிட்டதை எழுதினாள். 'நீ நல்லா சாப்பிடு ராசா' என்று முடித்தாள். ராசா. அது தன் பெயர் என்று இருபத்தேழு வருஷமாக நினைத்திருந்தான்.

பதினேழாவது கடிதம்.

'உங்களுக்குப் பையன் இருக்கானான்னு கேட்டிருந்தே. ஒருத்தன் இருக்கான். உங்க பிரிகேட்லதான் சேர்ந்தான். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி நான் முகாம் டாக்டருக்கு ஒரு கடிதம் போட்டேன். சின்ன வயசுலயே அவனுக்கு இடது காது ஓட்டை, சேரும்போது மறைச்சுட்டான், தயவு பண்ணி இன்னொரு தடவை பாருங்கன்னு எழுதினேன். போட்ட அஞ்சாம் நாள் அவனை வரிசையிலேர்ந்து எடுத்துட்டாங்க. அவன் இன்னிக்கும் தன் காதைத்தான் திட்டறான். என்னைத் திட்டணும்னு அவனுக்குத் தெரியாது. இந்தத் தெருவுல எல்லாரும் பையனை அனுப்பினாங்க. நான் மட்டும் பிடிச்சு வெச்சுக்கிட்டேன். சபையில அவங்க பக்கத்துல உக்காந்து பின்னும்போது நிமிர்ந்து பாக்க முடியல. அதனாலதான் உங்க பிரிகேட்டுக்குன்னே கேட்டு வாங்கிப் பின்னறேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ தூரத்துல இருக்கே, அதனால சொல்றேன்.'

மெர்வின் இன்னொரு தடவை படித்தான். கடிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தான். துறையில் ஒரு கப்பலில் கோதுமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பளுதூக்கி கிறீச்சிடுவது வலது காதில் கேட்டது. ஐந்து பைகள். பதினேழு பைகளைத் தூக்கிப்போட்ட தோள். வெள்ளைக் கோழி இறகு. எல்லாம் ஒரு ஊதா மைக் கடிதத்திலிருந்து வந்திருக்கிறது. அவனை வரிசையிலிருந்து வெளியே இழுத்த கை டாக்டருடையது இல்லை.

போன ஜனவரியில் லீவில் போனபோது அம்மா சாப்பிடவே இல்லை. பின்னுகிற ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நூலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "வெயில்டா," என்றாள். தந்தி அதற்கு முன்தினம்தான் வந்திருக்கும். மகன் செத்த தந்தி.

கட்டின் அடியில் உறையில்லாத ஒரு தாள், பென்சில் எழுத்து. டட்லி ஹேம்ஸ் அனுப்பாமல் விட்டது. 'அம்மா, அந்த டாக்டர் விஷயத்தை உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க. கோவிச்சுப்பான், விடுங்க. எனக்காக ஒரு ஆள் ஒரு டாக்டருக்கு எழுதியிருந்தா நான் அந்தக் காகிதத்துக்கு சட்டம் போட்டு மாட்டி, வர்றவன் போறவன் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அவனுக்கு என் கணக்குல ஒரு உதை கொடுங்க. நாளைக்கு நாங்க...' அதோடு நின்றிருந்தது.

மெர்வின் பேஸ்டியைக் கடற்பறவைகளுக்குப் போட்டான்.

உள்ளே வந்தபோது பட்டியல் பாதி தயாராக இருந்தது. ஊனா மெல்லிய குரலில் கேட்டாள்: "படிச்சியா?" அவன் பதினேழாவது கடிதத்தை அவள் முன் வைத்தான். அவள் படித்தாள். அவள் கழுத்து சிவந்தது.

"இதை எடுத்துடு பாஸ்கோ."

"எடுத்தா எண்ணிக்கை குறையும். என்ன எழுதினோம்னு எழுதினவங்களுக்குத் தெரியும். இந்த ஒண்ணு மட்டும் காணலைன்னா, யாரோ படிச்சு எடுத்திருக்காங்கன்னு புரிஞ்சுடும்."

"அப்போ விட்டுடு. உங்கம்மாவுக்கு நீ இங்க என்ன பண்றேன்னு தெரியுமா?"

"கிடங்குல இருக்கேன்னு தெரியும். போர்வை, பூட்ஸ்னு சொல்லியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. பட்டியல்ல நான் கையெழுத்துப் போடறேன். க்ளைனிக்னு இருந்தா அவங்களுக்கு என்ன தெரியப்போகுது? ஏதோ ஜெர்மன்காரி ஒரு சாக்ஸைத் திருடிட்டாளான்னு வேணா எண்ணிப் பாப்பாங்க."

எல்லாப் பார்சலிலும் பட்டியலின் அடியில், சாமானைச் சரிபார்த்தவன் கையெழுத்து இருக்கவேண்டும். இத்தனை நாள் மெர்வின் முதலெழுத்துகளை மட்டும் கிறுக்குவான். யாருக்குத் தெரியப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள்.

வேலை என்ன சொன்னது என்பது அவனுக்குத் தெரியும். அவங்க அம்மா கண்ணால பாரு. அந்தக் கண்ணால் பார்த்தால், ஊனா சொல்வதுதான் சரி. பார்சல் போகட்டும், அம்மா தன் செத்த பிள்ளையின் சாமானை நிம்மதியாகப் பிரிக்கட்டும், தன் ரகசியம் தன்னோடு இருக்கிறது என்று நம்பட்டும். முன்பின் தெரியாத நானூறு அம்மாக்களுக்கு அவன் அதைச் செய்திருக்கிறான்.

டட்லியின் பென்சில் தாளைக் கட்டின் மேலேயே வைத்து, அதே சாம்பல் நூலால் கட்டினான். சாக்ஸ் எட்டு ஜோடி, வாய் ஆர்கன் ஒன்று, கடிதக் கட்டு ஒன்று, சவரக்கத்தி ஒன்று. ஊனா தாளை உருவித் தந்தாள். அவன் பேனாவை எடுத்தான். கம்பளிக் கொழுப்பில் அது வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டான். எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுதினான்: மெர்வின் ஜான் பாஸ்கோ, கார்ப்பரல்.

"அடப்பாவி," என்றாள் ஊனா.

டல்க் பார்சலை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் பல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தபால் கூடையில் பார்சலைத் தானே கொண்டுபோய் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. ரயிலில் வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மெர்வின் மனதில் எழுதி எழுதி அழித்தான். நீ எப்படிச் செய்யலாம்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? அவனிடம் சிரித்தாயே, என்னிடம் ஏன் சிரிக்கவில்லை? எந்தக் கேள்வி முதலில் என்பது மட்டும் முடிவாகவில்லை.

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பார்சல் அலமாரிமேல் இருந்தது, பிரித்து. நூலைக்கூடச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வாய் ஆர்கன் அப்பாவின் புகைப்படத்துக்கு முன்னால் இருந்தது. எதையும் ஒளிக்கவில்லை.

"ரயில்ல கூட்டமா?"

"ஆமா."

"உக்காரு."

உட்கார்ந்தான். எப்போதும்போல வலது காது அவள் பக்கம் இருக்கும்படி. அவள் மாவைத் தேய்த்தாள். உருளைக்கிழங்கை வைத்து மடித்து ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்தாள். ஓரம் கோணலாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி கிள்ளினாள்.

"கிடங்குல வேலை எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"போர்வை, பூட்ஸ்..."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றான். "போர்வை, பூட்ஸ்."

அப்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தாள். அவனுக்குப் பின்னால் சுற்றி, இடது பக்கமாக வந்து நின்றாள். குனிந்தாள். அவள் மூச்சு சூடாக அந்தக் காதில் பட்டது. ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை இல்லை, இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். மூச்சு அத்தனை நேரம் வந்துகொண்டிருந்தது. அந்தக் காதுக்குச் சீழ் துடைத்து, சூடான உப்பு ஒத்தடம் கொடுத்து, இரண்டு மாதம் விடிய விடியப் பக்கத்தில் கிடந்தவள். எந்தக் காது கேட்காது என்று உலகத்தில் மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மெர்வின் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை. ரயிலில் எழுதி அழித்த கேள்விகளில் ஒன்றும் வாயில் இல்லை. அவள் நிமிர்ந்து அடுப்பைத் திறந்து பேஸ்டித் தட்டை உள்ளே தள்ளினாள்.

"கம்பளிச் சட்டை போட்டுக்கிறியா?" என்றாள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி.

"போட்டுக்கறேன்மா."

அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது. பிரிகேட் கடைசியாக போர்னியோவில் ஒரு கடற்கரையில் இறங்கி, போர் முடிந்து கலைக்கப்பட்டது. மெர்வின் 1947இல் ஊனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். 'லூத்தரன்காரி பேஸ்டி மடிக்கமாட்டாள்' என்று மூன்டா சபை முணுமுணுத்தது. தர்சாதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள், அதுவும் நடனம் ஆடிக்கொண்டே என்று ஊனா சொல்வாள். மகன் உள்ளே வந்தால் இருவரும் நிறுத்திவிடுவார்களாம்.

வருஷாவருஷம் ஏப்ரலில், போர் நினைவு நாளன்று, பிரிகேட்டின் பதாகையோடு ஊர்வலம் போகும். மிஞ்சிய மூன்டாக்காரர்கள் மெர்வினையும் கூப்பிடுவார்கள். "நீயும் எங்காள்தான்டா, பையெல்லாம் ஏத்தினியே," என்பார்கள். அவன் வரமாட்டான். கேட்டால் காது என்பான். ஊனாவிடம் ஒரே ஒருதடவை வேறு பதில் சொன்னான்: "நான் நிக்கவேண்டிய இடத்துல ஒருத்தன் நின்னான். என்னை அங்கேர்ந்து எடுத்தது எங்கம்மா. எப்படிடி போய் நடக்கறது?" அம்மாமேல் கோபமா என்று அவள் கேட்டதற்கு, யோசித்துவிட்டு, "தெரியலை. அவங்க சொன்னதுதான் கேக்கலையே," என்றான்.

தர்சா பாஸ்கோ 1961இல் போனாள். மெர்வின் 1984இல். இரண்டு பேரும் கடைசிவரை அந்தக் கடிதம்தான் அவனைக் காப்பாற்றியது, அல்லது கெடுத்தது என்று நம்பியே போனார்கள்.

இதை எழுதுகிறவனுக்கு ஊனா எழுதிக்கொடுத்த அனுமதியோடு மெர்வினின் பட்டாளக் கோப்பு பார்க்கக் கிடைத்தது அதற்கும் பல வருஷம் கழித்து. இருபத்தோரு தாள். அதில் மருத்துவக் குறிப்பு ஒன்று: கப்பலேறுமுன் எல்லோருக்கும் நடக்கும் வழக்கமான சோதனைக்கு வராமல் விட்டவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து அழைக்கப்பட்டார், இடது செவிப்பறை கிழிந்துள்ளது, வெளிநாட்டுப் பணிக்குத் தகுதியில்லை. தேதி, 1940 அக்டோபர் 3. அதன் பின்னால் குண்டூசியில் ஒரு ஊதா மை உறை, மூலையில் 'மெர்வின் ஜான் பாஸ்கோவைப் பற்றி' என்று குறித்தது. விலாசத்தில் முகாமின் பெயர் தவறு. வேறொரு முகாமுக்குப் போய்ச் சுற்றி வந்திருக்கிறது. வந்துசேர்ந்த முத்திரை, அக்டோபர் 9. உறை பிரிக்கப்படவில்லை. மேலே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: ஆள் ஏற்கெனவே நீக்கப்பட்டாயிற்று, கோப்பில் வைக்கவும்.